வகுப்பில் இரண்டு கருத்து வந்தால்

"தக்காளி காயா, பழமா?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு "காய்" என்று கத்தும். அறிவியல் புத்தகத்தை முன்கூட்டியே புரட்டிய நாலு பேர் "பழம்" என்பார்கள். "பழம்னா ஏன் மிஸ் சாம்பார்ல போடுறாங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். சிரிப்பு, சத்தம். இந்த இடத்தில் ஆசிரியர்கள் பெரும்பாலும் சரியான விடையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். இல்லையென்றால் மேசையைத் தட்டி அமைதியாக்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறோம். எப்படிப் போனாலும் இழப்பு ஒன்றுதான். பிள்ளைகள் தாங்களாகக் காரணம் தேடத் தொடங்கிய நிமிடம் அது.

அந்த நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது, அது சண்டையாக முற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். நாற்பது பேர், நாற்பத்தைந்து நிமிட பீரியட், நகர்த்த முடியாத பெஞ்சுகள் உள்ள வகுப்பை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

சொல்லில் உள்ள சிக்கல்

விமர்சனச் சிந்தனை என்றாலே நம் காதில் குறை கண்டுபிடிப்பது என்று விழுகிறது. சினிமா விமர்சனம் படித்துப் பழகியதால் வந்தது அது. உண்மையில் ஒரு கருத்தை ஏற்பதற்கு முன்னும் மறுப்பதற்கு முன்னும், அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கும் பழக்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தன் கருத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது அதில் கடினமான பாதி.

இதற்கான கருவி நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வரும் கூற்று–காரணம் வினாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். கூற்று: கடற்கரை ஊர்களில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. காரணம்: கடல் நீரில் உப்பு இருக்கிறது. இரண்டும் சரி. ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வதுதான் விளக்கம். ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் போட்டுப் பார்க்கும் இந்த வினாவைப் பேச்சுக்குள் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "ஸ்கூலுக்கு போன் கொண்டுவரலாம், ஏன்னா எல்லார்கிட்டயும் போன் இருக்கு" என்று ஒருவன் சொன்னால், "கூற்று சரி, காரணமும் சரின்னே வச்சுக்குவோம். காரணம் கூற்றை விளக்குதா?" என்று வகுப்பைக் கேளுங்கள். எல்லார் வீட்டிலும் தலையணையும்தான் இருக்கிறது என்று யாராவது ஒரு பிள்ளை கண்டிப்பாகச் சொல்லும்.

கூற்று, காரணம் ஆகிய இரண்டோடு மூன்றாவதாகச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "எதை வச்சு அப்படிச் சொல்ற?" என்பதே அந்தக் கேள்வி. இதைக் கேட்கும் குரலில் கவனம் தேவை. "எதை வச்சுடா சொல்ற?" என்று புருவத்தை உயர்த்திக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சரியான விடை சொன்னவரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், இந்தக் கேள்வி வந்தாலே விடை தவறு என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்த வகை வேறுபாடு?

இருவர் மாறுபடும்போது யார் சரி என்று பார்ப்பதற்கு முன், எதில் மாறுபடுகிறார்கள் என்று பாருங்கள். வகுப்பில் வருபவற்றைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

சில, உண்மை பற்றியவை. அளந்தோ, சோதித்தோ, நம்பகமான புத்தகத்தைப் பார்த்தோ தீர்க்கலாம். சில, சொல்லின் பொருள் பற்றியவை. தக்காளி இந்த வகை. தாவரவியலில் அது பழம், சமையலில் காய். 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே இந்த வழக்கு போனது. அன்று இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்குக் கிடையாது. தாவரவியல் சொல்வது சரிதான், ஆனால் மக்கள் அன்றாடப் பேச்சில் காய்கறி என்றுதான் சொல்கிறார்கள், எனவே வரி உண்டு என்று தீர்ப்பு வந்தது. இதைச் சொன்னால், எந்த நோக்கத்துக்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். 2006-இல் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து வெளியேறியதும் இதே கதைதான். வானத்தில் எதுவும் மாறவில்லை, 'கோள்' என்ற சொல்லுக்கு வரையறை வகுத்தார்கள்.

மூன்றாவது வகை, எது முக்கியம் என்பது பற்றியது. போன் கொண்டுவரலாமா, வீட்டுப்பாடம் வேண்டுமா, மைதானத்தை யார் முதலில் பயன்படுத்துவது. இவற்றில் தகவல் உதவும், ஆனால் தகவல் மட்டும் தீர்த்துவைக்காது. பாதுகாப்பு பெரிதா, சுதந்திரம் பெரிதா என்று எடைபோட்டாக வேண்டும்.

போர்டின் ஓரத்தில் 'உண்மை, பொருள், மதிப்பு' என்று மூன்று சொற்களை எழுதி வைத்து, வாதம் வரும்போதெல்லாம் "இது எது?" என்று கேட்டுப் பழக்குங்கள். பல சண்டைகள் அங்கேயே தணிந்துவிடும், ஏனென்றால் ஒருவர் உண்மையைப் பற்றியும் மற்றவர் மதிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

முதல் பாடத்துக்கு ஒரு டம்ளர் ஐஸ்

முதன்முதலாகத் தொடங்கும்போது உண்மை வகையில் தொடங்குங்கள். கடைசியில் விடை கண்ணெதிரே தெரியும் என்பதால் யாரும் யாரையும் தோற்கடித்ததாக ஆகாது. ஐந்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை வேலை செய்யும் கேள்வி இது: தண்ணீரில் மிதக்கும் ஐஸ் கட்டி உருகினால் தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?

கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு சாதாரணத் தண்ணீர் ஊற்றி, சின்ன ஐஸ் கட்டிகள் இரண்டைப் போட்டு, தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு இரண்டு நிமிடம் மௌனம். ஒவ்வொருவரும் நோட்டில் விடையையும் ஒரு வரியில் காரணத்தையும் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்குக்கூட, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாக வந்தன. தன்னோடு ஒத்துச் சொல்ல ஒரே ஒருவர் இருந்தபோது அது வெகுவாகக் குறைந்தது. வகுப்பில் முதல் ரேங்க் மாணவி "ஏறும் சார்" என்று சொல்லிவிட்டால், பின்னால் வரும் முப்பது விடைகளில் எத்தனை அவரவருடையவை என்று சொல்ல முடியாது.

எழுதி முடித்ததும் நெஞ்சுக்கு நேரே விரல் காட்டச் சொல்லுங்கள்: ஏறும் என்றால் ஒன்று, இறங்கும் என்றால் இரண்டு, அப்படியே என்றால் மூன்று. கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்துக் கையைப் பார்த்துத் தூக்குவார்கள். எண்ணிக்கையை போர்டில் எழுதுங்கள், எந்த எண்ணுக்கும் தலையாட்டாதீர்கள். ஆசிரியரின் முகத்தைப் படிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர் 1990-களில் பரப்பிய முறையில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 30-க்கும் குறைவு என்றால் பேசவிட்டுப் பயனில்லை, அடிப்படையை மறுபடி விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் இருந்தால்தான் விவாதம் பலன் தரும். அப்போது, வேறு விடை எழுதிய ஒருவரோடு மூன்று நான்கு நிமிடம் பேசச் சொல்லி, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே கட்டி உருகிக்கொண்டிருக்கும், அது இந்தப் பாடத்தின் வசதி.

விடை: மட்டம் மாறாது. மிதக்கும் கட்டி தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரைத்தான் விலக்குகிறது. 100 கிராம் கட்டி சுமார் 109 மில்லிலிட்டர் இடத்தை அடைத்தாலும் 100 மில்லிலிட்டர் தண்ணீரைத்தான் விலக்கும். உருகினால் அதே 100 மில்லிலிட்டர்.

கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வழிகிறதா என்று பார்க்கச் செய்யும் வழக்கம் உண்டு; அதைச் செய்யாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து, கீழே தண்ணீர் தேங்கும். "பாத்தீங்களா, வழிஞ்சிருச்சு" என்று பாதி வகுப்பு முடிவு கட்டிவிடும். கோடு போட்டால் இந்தக் குழப்பம் வராது. கட்டி பெரிதாக இருந்து அடியைத் தொட்டு நின்றால் அது மிதக்கவில்லை என்று பொருள், அப்போது மட்டம் ஏறும். உப்புத் தண்ணீராக இருந்தாலும் மிகச் சிறிதளவு ஏறும். "அப்ப துருவத்துல ஐஸ் உருகினா கடல் ஏறும்னு சொல்றாங்களே?" என்று யாராவது கேட்டால் அன்றைய பாடம் வென்றுவிட்டது. கிரீன்லாந்து, அண்டார்டிகாவில் தரைமேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்வதைப் பற்றி அந்த இடத்தில் பேசலாம்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்புகளில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, தானாக முன்வந்து பேசுபவர்கள் கூடினார்கள். மூன்று நொடி என்பது வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணுங்கள்.

மதிப்பு வகைக்கு நால்வர் குழு

ஐஸ் போல நான்கைந்து பாடம் நடத்திய பிறகு, விடை டம்ளரில் தெரியாத கேள்விக்குப் போகலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறையொன்றை நம் வகுப்புக்குத் தக்கபடி இரண்டு பீரியடாகப் பிரித்துச் செய்யலாம். முன் பெஞ்சில் இருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் நால்வர் குழு தயார். 42 பேர் என்றால் மீதி வரும் இருவர் நேரம் பார்க்கட்டும், அடுத்த முறை வேறு இருவர்.

'பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதிக்கலாம்' என்பது கூற்று. குழுவில் இருவர் ஆதரவு, இருவர் மறுப்பு. யார் எது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். காரணங்களும் சான்றுகளும் சேர்க்க 10 நிமிடம். ஆதரவு அணி 3 நிமிடம் பேசும். உடனே பதில் சொல்ல எதிர் அணிக்கு அனுமதி இல்லை. கேட்டதை 2 நிமிடத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும், "ஆமா, அதேதான் சொன்னோம்" என்று ஆதரவு அணி ஒப்புக்கொள்ளும் வரை. பிறகு மறுப்பு அணிக்கும் அதே 3, அதே 2. அதன்பின் 8 நிமிடம் இரு பக்கமும் கேள்வி கேட்கலாம்.

இரண்டாம் பீரியடில் அணிகள் பக்கம் மாற வேண்டும். "எனக்கு போன் வேணும் மிஸ், நான் எப்படி வேணாம்னு பேசுறது?" என்று முகம் சுளிப்பார்கள். ஐந்து நிமிடம் தயாரிப்பு, அணிக்கு இரண்டு நிமிடம் பேச்சு போதும். கடைசியாகப் பக்கங்களை விட்டுவிட்டு நால்வரும் சேர்ந்து ஐந்து வரி எழுத வேண்டும்: எதில் ஒத்துப்போகிறோம், எதில் இன்னும் இல்லை, என்ன தகவல் கிடைத்தால் தெளிவாகும். "பள்ளியில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்" என்பது போன்ற வரி வந்தால் நன்றாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்று பொருள்.

திருப்பிச் சொல்லும் படியைத்தான் நேரமில்லை என்று முதலில் வெட்டுவோம். அதை வெட்டினால் மீதியெல்லாம் தன் முறைக்காகக் காத்திருப்பதாகிவிடும். "அவங்க போன் வேணும்னு சொன்னாங்க" என்று கூற்றை மட்டும் சொல்லிவிட்டு நழுவுவார்கள். காரணங்களையும் சொல்லும் வரை விடாதீர்கள். இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கவும் வேண்டாம். நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கருத்து) உடன்படல், மறுத்தல் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக நிற்பது 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. பிறர் கருத்தை முதலில் தான் ஏற்று நின்று, அதன்பிறகே அதை நீக்குவது. பக்கம் மாறிப் பேசும்போது பிள்ளைகள் செய்வது ஏறத்தாழ அதைத்தான்.

பட்டிமன்றம் நடத்தினால் போதாதா என்று கேட்பார்கள். மேடைக் கூச்சம் போகவும், சொல்வளம் பெருகவும் அது நல்லது. ஆனால் பக்கம் முன்கூட்டியே உறுதியாகிவிடுகிறது, கைதட்டல் வாங்கும் வரி கனமான காரணத்தை முந்திவிடுகிறது, நடுவர் தீர்ப்புச் சொன்னதும் சிந்தனை நின்றுவிடுகிறது. ஆறு பேர் பேச முப்பத்தாறு பேர் பார்வையாளர்கள். சிந்திக்கப் பழக்குவதே நோக்கம் என்றால் ஆண்டு விழாவுக்கு அதை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு நால்வர் குழுவை வைத்துக்கொள்வதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

சூடு ஏறினால்

குரல் உயர்வது தவறில்லை, அக்கறையின் அடையாளமாகவும் இருக்கலாம். கருத்திலிருந்து ஆளுக்குத் தாவும் இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். "அது தப்பு" என்பது "உனக்கு என்னடா தெரியும்" என்று மாறும் நொடி. அப்போது நிறுத்தி, எல்லாரையும் ஒரு நிமிடம் எழுதச் சொல்லுங்கள்: "இப்போது எதைப் பற்றி மாறுபடுகிறோம்?" சண்டையிட்ட இருவரை மட்டும் எழுதச் சொன்னால் தண்டனையாகிவிடும். பிறகு இரு கூற்றுகளையும் பெயர் போடாமல் போர்டில் எழுதி, போர்டைப் பார்த்துப் பேசவிடுங்கள். கண்ணுக்குக் கண் பார்த்துக் கத்தியவர்கள் எழுத்தைப் பார்த்துப் பேசும்போது பாதி வேகம் இறங்கிவிடும்.

மறுத்துப் பேசும் வாசகங்களையும் கற்றுக்கொடுக்க வேண்டும். பல பிள்ளைகளுக்குத் தெரிந்தது "தப்பு", "போடா" இரண்டும்தான். "நீ சொல்றது எனக்கு இப்படிப் புரியுது, சரியா?" "உன் முதல் காரணத்தை ஒத்துக்கறேன், ரெண்டாவதுல சந்தேகம் இருக்கு." "அது எப்பவுமே அப்படியா, சில நேரம் மட்டுமா?" "நான் முதல்ல சொன்னதை மாத்திக்கறேன்." கடைசி வாசகத்தை முதலில் ஆசிரியரே சொல்லிக் காட்ட வேண்டும். போர்டில் நீங்கள் எழுதியதில் ஒரு மாணவர் பிழை கண்டால், "சரிபார்ப்போம்" என்று ஓரத்தில் குறித்து வைத்து, இரண்டு நாளுக்குள் விடையோடு வாருங்கள். மறந்துவிட்டால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஐந்தாறு பேரே பேசிக்கொண்டிருந்தால் ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை கொடுங்கள். ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்றை மேசையில் வைக்க வேண்டும். தீர்ந்தால் கேட்பது மட்டும். பேசத் தயங்குபவர்களைத் திடீரென்று எழுப்பாதீர்கள். இருவராகப் பேசும்போது பக்கத்தில் போய்க் கேட்டு, "இதை வகுப்புக்குச் சொல்றியா?" என்று முன்பே கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

எல்லாவற்றையும் விவாதத்துக்கு எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தடுப்பூசி வேலை செய்கிறதா, பூமி சுற்றுகிறதா என்று இரண்டு அணி பிரித்தால், சான்று ஒரே பக்கம் குவிந்திருக்கும் விஷயத்தை சரிபாதியாகக் காட்டிவிடுகிறோம். "உண்மையா?" என்பதை "எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று மாற்றிக் கேளுங்கள். அதேபோல், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் சாதி, மதம், நிறம், குடும்பம், உடல் எதையும் வாதப்பொருளாக்கக் கூடாது. அப்படி ஒரு சொல் விழுந்தால் அங்கே இரு தரப்பு இல்லை. விவாதத்தை நிறுத்தி, "இந்த வகுப்பில் இப்படிப் பேச இடமில்லை" என்று ஒரே வரியில் சொல்லுங்கள், நீண்ட உபதேசம் வேண்டாம். புண்பட்ட பிள்ளையை எல்லார் முன்னிலும் "பரவாயில்லையா?" என்று கேட்காமல் பிறகு தனியாகப் பாருங்கள். சொன்னவரையும் தனியாக, பள்ளி விடுவதற்கு முன் அன்றே பாருங்கள். விட்டுவிட்டால் அது பேருந்திலும் மைதானத்திலும் தொடரும். மறுபடி நடந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் போக வேண்டும்.

உங்கள் சொந்தக் கருத்தைக் கேட்பார்கள். மதிப்பு வகைக் கேள்வியில் அவர்கள் எழுதி முடிக்கும் வரை சொல்லாதீர்கள், சொன்னால் 'சார் சொன்னது' என்று நோட்டில் ஏறிவிடும். முடிந்தபின் காரணத்தோடு சொல்லலாம்.

மதிப்பெண் உண்டா என்ற கேள்வியும் தப்பாமல் வரும். ஐந்து மதிப்பெண் வைத்தால், தெளிவான கூற்றுக்கு 1, கூற்றை விளக்கும் காரணத்துக்கும் சான்றுக்கும் 2, எதிர்த்தரப்பின் வலுவான காரணத்தை நேர்மையாக எழுதியதற்கு 2. எந்தப் பக்கம் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இதை முன்கூட்டியே போர்டில் எழுதிவிடுங்கள்.

தொடக்கத்தில் வாரம் ஒரு பீரியட் போதும். கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி வாங்குங்கள்: இன்று என் கருத்து மாறியதா, மாற்றியது எது? மாறவில்லை என்றால், எதிர்த்தரப்பு சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது எது? பெயரும் தேதியும் போட்டு ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவரவர் சீட்டை அவரவரிடம் கொடுத்து, பின்பக்கத்தில் இன்றைய காரணத்தை எழுதச் சொல்லுங்கள்.